செவ்வந்தி வண்டியின் ஆயில் லைட்டு

ஆயில் லைட்டுங்களா? முதல்ல என்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஓட விட்டுக்கிட்டே பேசாதீங்க. ஆங், இப்பச் சொல்லுங்க. எங்க வச்சு எரிஞ்சுச்சு? சேந்தமங்கலம் தாண்டியா? கொல்லிமலைக்குப் போறீங்களா. ம்.

அது நான் பாக்கறதில்லைங்க. ஹெட்லைட்டு, ஹாரன், வைப்பர், ஸ்டார்ட்டர், எது வேணாலும் கொண்டாங்க, பாத்துத் தர்றேன். ஆயில் லைட்டு மட்டும் பாக்கறதில்ல. எதிர்ல இருக்குதே, அது அத்தியப்பன் பட்டறை. அவன் என்ஜின் மெக்கானிக். சாப்பிடப் போயிருக்கான், மூணு மணிக்கு வந்துருவான். அதுவரைக்கும் இந்த நெழல்ல உக்காருங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாம், நான் தள்ளியே ஓரமா விட்டுக்கறேன்.

ஏன் பாக்கறதில்லைன்னு எல்லாரும் கேக்கறாங்க. தெரியாதுன்னு நெனச்சுக்கறாங்க. எனக்கா தெரியாது? இருபத்தாறு வருசமா வண்டிக்கு ஒயரிங் பாக்கறேன். காரவள்ளி ரோட்டுல மாதேசுன்னு யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. அந்த லைட்டோட ஜாதகமே எனக்குத் தெரியும். என்ஜின்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்குதுங்க, சென்சார்ங்கறது அதைத்தான். அதுல இருந்து ஒத்தை ஒயர் கெளம்பி உங்க முன்னால இருக்கற லைட்டுக்குப் போகுது. என்ஜின் நிக்கறப்ப ஆயிலுக்கு அழுத்தம் கெடையாது. அப்ப அந்த சுவிட்ச், ஒயரை பாடியோட சேத்துப் புடிச்சிருக்கும். சாவி போட்டா லைட்டு எரியும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் அழுத்தி சுவிட்சைப் பிரிச்சு விட்ரும், லைட்டு அணைஞ்சிரும். அவ்வளவுதான் விசயம்.

ஓடறப்ப எரிஞ்சா ரெண்டு காரணம். ஒண்ணு, நெசமாவே ஆயில் அழுத்தம் இல்ல. இல்லாட்டி சுவிட்சோ ஒயரோ பொய் சொல்லுது. பத்து வண்டி வந்தா எட்டு வண்டில ஒயர்தாங்க பொய் சொல்லும். நான் பாத்தவரைக்கும் எட்டு.

செவ்வந்தி வண்டிலயும் ஒயர் தேஞ்சுதான் இருந்துச்சு. அதை யாரு வேணாலும் வந்து பாத்திருக்கலாம். நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லல.

செவ்வந்திய உங்களுக்குத் தெரியாதுல்ல. மலையில செம்மேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஊருப் புள்ளைங்க. முப்பத்திமூணு வயசு இருக்கும். பழைய டீசல் கார் ஒண்ணு வாங்கித் தானே ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. மலையில யாருக்கு ஒடம்பு முடியலைன்னாலும் செவ்வந்தி வண்டிதான். பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சக்காரப் புள்ளைங்க, எல்லாம் அது வண்டிலதான் எறங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுங்க, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி எறங்கும். ஆம்பளைங்களே பயப்படற ரோடு. நானே அதுகிட்டச் சொல்லிருக்கேன், "ஏன் கண்ணு, தையல் மெசினு கிசினு வச்சுப் பொழைக்கலாம்ல"ன்னு. சிரிச்சுக்கும். நல்ல மாதிரியான புள்ளை. என்னை அண்ணான்னுதான் கூப்புடும்.

போன வருசம் ஐப்பசி மாசம், மழை புடிச்ச நேரம், முத தடவை வந்துச்சு. "அண்ணா, ஆயில் லைட்டு எரியுதுங்கண்ணா. ஆயில் அளவு பாத்துட்டேன், சரியாத்தான் இருக்குது"ன்னுச்சு.

"எப்ப எரியுது?"

"காலைல எடுக்கறப்ப எரியறதில்லைங்கண்ணா. மலை எறங்கி, என்ஜின் நல்லா சூடாகி, கீழ வந்து நிறுத்தறப்பத்தான் எரியுது. ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா அணைஞ்சிருது. விட்டா மறுபடி எரியுது."

பாருங்க, எவ்வளவு வெவரமாச் சொல்லுதுன்னு. நான் சொன்னேன், "கண்ணு, நீ வண்டிய ஓட்டு. காரணத்தை நான் கண்டுபுடிக்கறேன்." வண்டி ஓட்டறவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டு இருந்தா வேலை ஆகாது. ஒயரைத்தான் கேக்கணும்.

கேட்டேன். சுவிட்ச்ல இருந்து ஒயரைக் கழட்டுனேன், லைட்டு அணையல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, எங்கயோ பாடில தொடுதுன்னு. ஒரு மணி நேரம் தேடுனேன். சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பின்னால ஒரு இரும்புப் பட்டையில உரசி உரசி, ரப்பர் தேஞ்சு செம்பு வெளிய தெரியுது. செவ்வந்திய கூப்புட்டுக் காட்டுனேன். "இதா பாரு. இதுதான் உன் ஆயில் லைட்டு."

அது குனிஞ்சு பாத்துச்சு. "அப்ப சூடானா மட்டும் ஏன் எரியுதுங்கண்ணா?"

"சூட்டுல ரப்பர் எளகும். எளகுனா தொடும்."

"ஆக்சிலேட்டர் மிதிச்சா ஏன் அணையுது?"

"ஆட்டத்துல வெலகும்." அவ்வளவுதான். நான் என்ன தப்பாச் சொன்னேன்? அந்த எடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லிருப்பாங்க. ஒயரை ஒட்டி, மேல ஸ்லீவ் மாட்டி, பட்டையில தொடாம கட்டி விட்டேன். லைட்டு அணைஞ்சுது. என்ஜின் அப்ப ஆறிக் கெடந்துச்சு, அது வேற விசயம்.

நாலு நாள்ல மறுபடி வந்துச்சு. "அதே மாதிரிதாங்கண்ணா, சூடானாத்தான்." சரி, சுவிட்சே போயிருக்கும்னு புதுசு மாத்துனேன். புது சுவிட்ச்! அதுக்கு மேல ஒரு ஒயரிங்காரன் என்ன பண்ணுவான், சொல்லுங்க.

அன்னிக்குத்தான் அத்தியப்பன் வந்தான். இங்க வரமாட்டான் அவன். நானும் அவனும் மூணு வருசமாப் பேசறதில்ல. ஒரு தடவை என் பட்டறையில நாலு பேர் நிக்கறப்ப, "ஒயரிங்காரனுக்கு என்ஜினைப் பத்தி என்னப்பா தெரியும்"னு சிரிச்சுட்டுப் போனான். நாலு பேர் முன்னாலங்க. அதை நான் மறக்கல. அவன் அன்னிக்கு ரோட்டைத் தாண்டி வந்து, என்னையப் பாக்காம, செவ்வந்திய பாத்துச் சொன்னான். "யம்மா, அந்த சுவிட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையிலயே ஒரு ப்ரஷர் கேஜை மாட்டிப் பாத்துரலாம். உள்ள அழுத்தம் எவ்வளவுன்னு முள்ளு காட்டிரும். பத்து நிமிச வேலை. சூடா இருக்கு வண்டி, இப்பவே பாக்கலாம்."

செவ்வந்தி என்னைப் பாத்துச்சு.

நான் சொன்னேன், "கண்ணு, கேஜ் மாட்டறேம்பான், அப்பறம் அடியில ஆயில் நிக்கற சேம்பரை எறக்கணும்பான், அப்பறம் என்ஜினையே எறக்கணும்பான். உன் வண்டி ஒரு வாரம் அங்க கெடக்கும். மலையில யாருக்காச்சும் ஒண்ணுன்னா நீதான் பதில் சொல்லணும். புது சுவிட்ச் போட்ருக்கேன், போ."

அத்தியப்பன் கையில அந்தக் கேஜோடயே வந்திருந்தான்னு அப்பத்தான் பாத்தேன். ஒரு துணியில சுத்தி வச்சிருந்தான். "சரிங்கண்ணா, நீங்க சொன்னாச் சரிதான்"னுச்சு செவ்வந்தி. அவன் துணிய மறுபடி சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டான்.

எனக்கு அன்னிக்கு சந்தோசமா இருந்துச்சு. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்.

மூணாவது தடவை வந்தது ஒரு செவ்வாக்கெழமை. நல்ல மழை. அது முகமே சரியில்ல. "அண்ணா, இப்பல்லாம் பாதி மலை எறங்கறதுக்குள்ளயே எரியுதுங்கண்ணா. மிதிச்சாலும் லேட்டாத்தான் அணையுது. என்ஜின்ல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கற மாதிரி இருக்குது. வண்டில இருக்கறவங்க லைட்டைப் பாத்துப் பயப்படறாங்க. அத்தியப்பண்ணங்கிட்டக் காட்டட்டுமா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூணு தடவை என் கை பட்ட வண்டி. அது ரோட்டைத் தாண்டி அவன்கிட்டப் போய் நின்னா, அந்த நாலு பேரு இல்ல, இந்த ரோடே சிரிக்கும். "டீசல் வண்டின்னா டொக்குன்னுதான் கேக்கும். நீ போய் டீ குடிச்சுட்டு வா"ன்னு அனுப்பிச்சேன்.

அது போன பின்னால ஒயரை மறுபடி பூரா தடவிப் பாத்தேன். தேய்மானம் இல்ல. சுவிட்ச் சரியா இருக்குது. கனெக்டர் சுத்தமா இருக்குது. எல்லாமே சரியா இருக்குது, லைட்டு மட்டும் எரியுது. எனக்குக் கோவம் வந்துச்சுங்க. அந்த லைட்டு மேல. வேணும்னே என்னையப் பாத்து எரியற மாதிரி இருந்துச்சு. கட்டிங் பிளேயரை எடுத்து, மீட்டருக்குப் பின்னால கையை விட்டு, அந்த ஒயரை வெட்டுனேன். ரெண்டு முனையிலயும் டேப்பைச் சுத்தி மடிச்சு உள்ள தள்ளிட்டேன்.

நிரந்தரமா இல்லைங்க. மழை விடட்டும், அப்பறம் ஆற அமர பாப்போம்னுதான். அந்தப் புள்ளையும் பாவம் பயந்துபோயிருந்துச்சு. அதுக்கு ஒரு நிம்மதி வேணும்ல.

டீ குடிச்சுட்டு வந்துச்சு. "சரி பண்ணிட்டேன், இனிமே எரியாது"ன்னேன். அது பொய் இல்லையே. அதுக்கு மேல எரியல.

மறுநாள் காலைல போன் வந்துச்சு. "அண்ணா, சாவி போட்டதும் முன்னெல்லாம் ஒரு நிமிசம் எரிஞ்சுட்டு அணையுமில்லைங்களா? இப்ப அதுவும் எரியறதில்லைங்கண்ணா."

"எரியக் கூடாதுன்னுதானே கண்ணு மூணு தடவை வந்தே?"

அப்பறம், "ஒயரை எதுவும் எடுத்துவிட்டுட்டீங்களாண்ணா?"ன்னு கேட்டுச்சு. மெதுவாத்தான் கேட்டுச்சு. சண்டைக்கெல்லாம் இல்ல.

நான், "வேலை இருக்கு கண்ணு, அப்பறம் பேசறேன்"னு வச்சுட்டேன். நெசமாவே வேலை இருந்துச்சுங்க. ஒரு டிராக்டர் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

அது வண்டிய ரெண்டு நாள் எடுக்கலையாம். திங்கக்கெழமை அத்தியப்பன்கிட்டக் கொண்டுட்டுப் போறதா வீட்ல சொல்லிருக்குது. எல்லாம் அப்பறமாத் தெரிஞ்சுதுதான். என்கிட்ட யாரும் சொல்லல.

சனிக்கெழமை மத்தியானம் பக்கத்து ஊர்ல பவளான்னு ஒரு புள்ளைக்கு வலி கண்டுருச்சு. தலைப்பிரசவம். ஆம்புலன்ஸு வேற ஒருத்தரை ஏத்திக்கிட்டுக் கீழ போயிருந்துச்சு, திரும்பி வர நேரமாகும். பவளாவோட மாமியார் ஓடி வந்து செவ்வந்தி வீட்டு வாசல்ல நின்னுருச்சு. செவ்வந்தி மொதல்ல மாட்டேன்னு சொல்லிருக்குது. "வண்டி சரியில்லீங்க, வேற வண்டி பாருங்க"ன்னு. மழையில வேற வண்டி எங்க? அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுருச்சாம்.

எடுத்துருச்சு.

எறக்கத்துல என்ஜினுக்கு என்ன வேலைங்க, பிரேக்குக்குத்தானே வேலை, மெதுவாப் போயிரலாம்னு நெனச்சிருக்கும். ஆனா அந்த எறக்கத்துல செகண்டு கியர்ல என்ஜினைப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்கணும். ஆயில் இல்லாம என்ஜின் சுத்திக்கிட்டே வந்திருக்குது. செவ்வந்திக்கு ஒண்ணும் தெரியல. முன்னால எல்லாம் சுத்தமா இருக்குது, ஒரு லைட்டும் எரியல. முப்பத்தெட்டாவது வளைவு. அங்க திரும்பறப்ப உள்ள பேரிங் உருகி என்ஜின் அப்படியே இறுகிப்போச்சு. டயர் இழுத்துக்கிட்டே வழுக்குது. கிளச்சை மிதிச்சா வண்டி ஓடுது, ஆனா என்ஜின் நின்னுபோச்சுல்ல, ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிரும். பிரேக் ஒரு மிதி, ரெண்டு மிதி புடிக்கும், அப்பறம் அதுவும் கல்லுதான். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல.

செவ்வந்தி ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கை இழுத்து, வண்டியப் பாறைப் பக்கமாத் திருப்பி இடிச்சுருச்சு. தன் பக்கம் இடிக்கற மாதிரித் திருப்பிருக்குது. பின் சீட்டுல இருந்த பவளாவுக்கும் மாமியாருக்கும் காயம் பெருசா இல்ல. அது வலது கால் மாட்டிக்கிச்சு. முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு.

கீழ இருந்து ஆம்புலன்ஸு ஏறி வர நாப்பது நிமிசம். பவளாவுக்கு அங்கயே, ரோட்டோரத்துல, மாமியார் சீலையப் புடிச்சு மறைப்பு கட்ட, குழந்தை பொறந்துருச்சு. கால் மாட்டிக்கிட்டு இருக்கற செவ்வந்தி அந்த நெலமையிலயும், "அழுதுச்சா? அழுதுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்.

அழுகலைங்க.

டாக்டர் சொல்லிட்டாங்க, குழந்தை கழுத்துல கொடி சுத்திருந்துச்சு, ஆஸ்பத்திரில பொறந்திருந்தாலும் எப்படி இருந்திருக்குமோன்னு. எப்படி இருந்திருக்குமோன்னுதான் சொன்னாங்க. அப்ப அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நானும் பல பேர்கிட்டக் கேட்டுப் பாத்துட்டேன்.

வண்டிய இழுத்துக்கிட்டு வந்து அத்தியப்பன் பட்டறையிலதான் விட்டாங்க. மூணு நாள் கழிச்சு சேம்பரை எறக்குனான். நான் இங்க இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆயிலை உறிஞ்சி எடுக்கற எடத்துல ஒரு சல்லடை இருக்கும். அது பூராவும் அடைச்சுக் கெடந்துச்சு. முன்னால யாரோ சேம்பருக்குப் பசை ஒட்டிருக்காங்க, அந்தப் பசை பிஞ்சு பிஞ்சு போய் அங்க அடைஞ்சிருக்குது. கழட்டிக் கழுவி மாட்டுனா ஒரு மத்தியான வேலை. ஒரு வாரம் இல்ல. ஒரு மத்தியானம். அது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒயரிங்காரன்தானே.

சாயங்காலம் அத்தியப்பன் ரோட்டைத் தாண்டி வந்தான். கையில மீட்டருக்குப் பின்னால இருந்து உருவுன ஒயர். டேப் சுத்துன முனை. நான் டேப்பை முடிக்கறப்ப கடைசில ஒரு மடிப்பு மடிப்பேன், இந்த ரோட்டுல வேற யாரும் அப்படிச் செய்யறதில்ல. அதை என் மேசை மேல வச்சான். திட்டுவான்னு பாத்தேன். திட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசிருப்பேன். வச்சுட்டுத் திரும்பி ரோட்டைத் தாண்டிப் போயிட்டான்.

விசாரணை தை மாசம் நடந்துச்சு. எனக்கும் ஓலை வந்துச்சு, கடைசியா வேலை பாத்தவன்னு. செவ்வந்திய சக்கர நாற்காலில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. எளச்சுப் போயிருந்துச்சு. என்னைப் பாத்து, "வாங்கண்ணா"ன்னுச்சு. வீட்டுக்கு வந்தவங்களைக் கூப்புடற மாதிரி.

அதிகாரி செவ்வந்தியக் கேட்டாரு. "என்ஜின்ல கோளாறு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க சார்."

"லைட்டு எரியாம இருந்தது தெரியுமா?"

"சாவி போட்டா எரியணுங்க சார். எரியல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"மீட்டருக்குப் பின்னால ஒயர் வெட்டிருக்கே, யாரு வெட்டுனது?"

செவ்வந்தி என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. "யாரு வெட்டிருந்தாலும் ஓட்டுனது நாந்தானுங்க சார். அன்னிக்கு முடியாதுன்னு நான் சொல்லிருக்கணும்"னுச்சு. அவரு மறுபடி மறுபடி கேட்டாரு. அது அதையேதான் சொல்லுச்சு.

அப்பறம் என்னைக் கூப்புட்டாரு. "வண்டில நீங்க என்ன வேலை செஞ்சீங்க?"

"ஒயர் தேஞ்சிருந்துச்சு சார், ஒட்டிக் குடுத்தேன். சென்சார் புதுசு மாத்துனேன்."

"வேற?"

"செக் பண்ணேன் சார்."

எழுதிக்கிட்டாரு. கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். எழுதுனதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. எங்க வேணாலும் வந்து சொல்லுவேன். வெட்டுனியான்னு கேட்டிருந்தா வெட்டுனேன்னுதான் சொல்லிருப்பேன். என்னைப் பாத்து அப்படி அவரு கேக்கலையே.

செவ்வந்தியோட லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க. கேசு இன்னும் நடக்குது.

வெளிய வந்தப்ப படியில நாற்காலிய எறக்கறதுக்கு நானும் ஒரு கை புடிச்சேன். அதுகிட்ட ஏதாச்சும் சொல்லணும்னு தோணுச்சு. "ரொம்ப நன்றி கண்ணு"ன்னேன். எனக்கு அதான் வாயில வந்துச்சு.

அது கேட்டுச்சு, "பவளா வீட்டுக்குப் போனீங்களாண்ணா?"

"இல்லை கண்ணு. நான் எதுக்கு?"

"நான் போனேன். போன வாரம் என்னைத் தூக்கிக்கிட்டுப் போய் வாசல்ல உக்கார வச்சாங்க. ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பவளா வெளிய வரவேயில்ல. அதும் மாமியார் மட்டும் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து வச்சுட்டு உள்ள போயிருச்சு." அவ்வளவுதான் சொல்லுச்சு. அதுக்குள்ள அதை வண்டில ஏத்திட்டாங்க.

அன்னில இருந்து அதைத்தாங்க யோசிக்கறேன். அது ஏன் என்னை அப்படிக் கேட்டுச்சு? அந்த வீட்டுக்காரங்களுக்கும் எனக்கும் என்ன இருக்குது? அந்தப் பவளாவ நான் பாத்ததுகூட இல்ல. என் பேரைக்கூட அவங்க கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு தடவை பஸ் ஏறுனேன், மலைக்கு. செம்மேட்டுல எறங்கி டீ குடிச்சுட்டு, அதே பஸ்ல திரும்பி வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க. அந்த வாசல்ல போய் நின்னு கூப்புட்டு, உள்ள இருந்து "யாரு"ன்னு கேட்டா, நான் யாருன்னுங்க சொல்லறது?